விதைக்கு முதலில் செடியைக் குறியுங்கள்: மேல்மலைக்குப் புதியவர்களுக்கு ஒரு பீன்ஸ் வழிகாட்டி

கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூரிலோ கவுஞ்சியிலோ பீன்ஸ் போடுகிற யாரிடமாவது விதை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "கடைசிப் பறிப்பு முடியட்டும்ணே, நிக்கிறத அப்படியே காயவிட்டுருவோம்" என்பார். முதல் பறிப்பு, இரண்டாம் பறிப்பு, மூன்றாம் பறிப்பு எல்லாம் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வண்டி ஏறிவிடும். விலை இறங்கி, பறிகூலிக்கே கட்டாது என்று ஆன பிறகு செடியில் தொங்குகிற முற்றல்தான் அடுத்த போகத்துக்கு விதை. இந்த மலைக்கு வந்த புதிதில் நானும் அதையேதான் செய்தேன். ஐந்தாறு போகம் கழித்துக் கணக்கு நோட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது: என் தோட்டத்தில் முதல் பறிப்பு பத்து நாளுக்கு மேல் பிந்திப் போயிருந்தது. மண்ணைக் குறை சொன்னேன், பனியைக் குறை சொன்னேன், உரக்கடைக்காரரையும் விடவில்லை.

தப்பு என் கூடையில் இருந்தது. முந்திக் காய்க்கிற செடியை மொட்டையாகப் பறித்து விற்றுவிட்டு, பிந்திக் காய்க்கிற செடியிலிருந்தே போகத்துக்குப் போகம் விதை எடுத்திருக்கிறேன். எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வருடா வருடம் சோம்பேறிச் செடியைத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறேன். போதாததற்குக் கடைசிக் காய் மழையில் ஊறிய காய். அதில் விழுகிற குழிந்த கரும்புள்ளி நோய் விதைக்குள் போய் உட்கார்ந்து அடுத்த போகத்துக்குக் கூடவே வரும்.

இங்கே நிலம் வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ புதிதாகத் தொடங்குகிறவர்கள், ஊர் மகளிர் குழுவோடு சேர்ந்து விதை வேலை செய்ய நினைக்கிற இளைஞர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ரகத்தை உருவாக்குவது ஆராய்ச்சி நிலையத்து வேலை, வாங்கிப் போடுவது நம் வேலை என்ற பாகப்பிரிவினை வெகுநாளாக இருக்கிறது. அதை மாற்றிப் பார்த்த ஊர்கள் உண்டு. ருவாண்டாவில் 1980களின் கடைசியில், பீன்ஸில் கைதேர்ந்த கிராமத்துப் பெண்களை ஆராய்ச்சி வயலுக்குள்ளேயே கூட்டிப்போய், தங்கள் காட்டுக்கு எது ஆகும் என்று பொறுக்கச் சொன்னார்கள். அவர்கள் பொறுக்கிய ரகங்கள் ஊரில் நன்றாகவே நின்றன. நேபாளத்தின் சோம்ரோங் என்ற மலைக் கிராமத்தில் குளிர் தாங்குகிற நெல் வேண்டியிருந்தது. அந்த ஊர் நெல்லையும் ஃபூஜி 102 என்ற நெல்லையும் மகரந்தம் மாற்றி ஒட்டிக் கிடைத்த, குணம் இன்னும் நிலைபெறாத விதையை உழவர்கள் தங்கள் வயலிலேயே தேர்ந்து எடுத்தார்கள். அது மச்சாபுச்சரே-3 என்ற பெயரில் 1996இல் அரசு ரகமாக வெளிவந்தது. நம் கீழ்மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் கொடுத்த டி.கே.டி-1 பட்டர் ஃப்ரூட்டும் விதையில் முளைத்த மரங்களுக்குள் நல்லதைத் தேடிப் பிடித்ததுதான்.

எந்தப் பயிரில் கை வைப்பது

பீன்ஸில். முதல் இரண்டு வருடம் வேறு எதிலும் வேண்டாம்.

காரணம் பூவில் இருக்கிறது. பீன்ஸ் பூ விரிவதற்கு முன்பே உள்ளுக்குள் மகரந்தம் சேர்ந்துவிடும். தேனீ வந்து கலப்பது நூற்றுக்கு ஒன்றிரண்டு நடக்கலாம், அவ்வளவுதான். ஆகவே பிடித்த செடியின் விதையைப் போட்டால் பெரும்பாலும் அதே செடி வரும். பக்கத்துத் தோட்டக்காரர் என்ன போட்டிருக்கிறார் என்ற கவலை கிடையாது. இரண்டு ரகத்துக்கு நடுவில் நாலைந்து மீட்டர் விட்டால் நமக்குப் போதும்.

கேரட், முட்டைக்கோஸ் இரண்டும் நேர்மாறு. பூவுக்குப் பூ கலந்தால்தான் விதை பிடிக்கும், விதைக்கு வர ஒரு குளிர்காலம் தாண்ட வேண்டும். அதோடு இங்கே போடுகிற கேரட்டில் பெரும்பாலும் ஹைப்ரிட் விதை. அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை ஆளுக்கொரு முகமாக நிற்கும்.

மலைப்பூண்டைப் பற்றிப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து ஆசை கூடிவிட்டது. பூண்டு விதை பிடிப்பதில்லை, பல்லை நட்டுத்தான் வளர்க்கிறோம். அதனால் ஒட்டுச் சேர்க்கிற வேலைக்கே அங்கே இடமில்லை. ஒரே குடும்பத்தின் நகல்தான் திரும்பத் திரும்ப வரும். நல்ல பூண்டைத் தனியாக நட்டுப் பெருக்கலாம், அது வேறு கலை. நகலோடு நோயும் வரும் என்பதை மறக்கவேண்டாம். கீழ்மலையில் விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் தின்று தீர்த்ததில் நோய்க் கன்றுக்கும் பங்கு உண்டு. இன்றைக்கு 2008இல் வாங்கிய புவிசார் குறியீடு இருக்கிறது, பழைய வாழைக் காடுகளில் பெரும்பகுதி இல்லை.

உருளைக்கிழங்கு விஷயத்தில் ஒன்றே ஒன்று: வெளியிலிருந்து, குறிப்பாக நீலகிரியிலிருந்து, விதைக்கிழங்கை "சும்மா நாலு கிலோ" என்று கொண்டுவராதீர்கள். 1961இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு ஒட்டியிருக்கிற மண்ணோடு பயணம் செய்யும். அதன் கூடு பயிரே இல்லாமல் பத்து வருடத்துக்கு மேல் மண்ணில் உயிரோடு கிடக்கும். நம் மலையிலும் அது இருக்கிறது. கூட்ட வேண்டாம்.

விதை சேர்ப்பது

ஏழு ரகம் போதும். அதில் ஒன்று கட்டாயம் உங்கள் ஊரில் இப்போது எல்லோரும் போடுகிற விதை. அது இல்லாமல் மற்ற ஆறும் எவ்வளவு காய்த்தாலும், எதைவிட நல்லது என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று பழைய விதை பூம்பாறை, கூக்கால், கிளாவரை வீடுகளில் கிடைக்கும். கேட்கிற விதம் முக்கியம். "பழைய ரகம் இருக்கா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "உங்க அம்மா கொழம்புக்குப் போட்ட பீன்ஸ் எது மதினி? அது இன்னும் எங்கயாவது நிக்குதா?" என்று கேளுங்கள். மாட்டுக்கொட்டகை வேலியில் படர்ந்து நிற்கிற இரண்டு கொடியை அவர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். மற்றது கடைச்சரக்கு, ஆராய்ச்சி நிலைய ரகம். அர்க்கா கோமல் போன்ற குத்து வகையையும் கென்டக்கி வொண்டர் போன்ற கொடி வகையையும் ஒரே சோதனையில் கலக்காதீர்கள். ஒன்றுக்குக் கம்பு வேண்டும், மற்றதற்கு வேண்டாம். பறிப்பு நாட்களும் வேறு. இரண்டையும் பக்கத்தில் நட்டால் கொடி நிழலில் குத்துச்செடி சுருங்கும், பிறகு ரகத்தைக் குறை சொல்வீர்கள்.

வாங்கிய அன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள்: யார் வீடு, எந்த ஊர், என்ன பெயர் சொன்னார்கள், எத்தனை வருடமாக வைத்திருக்கிறார்கள், எப்படிச் சமைப்பார்கள். விதையில் பத்தை எடுத்து அந்தப் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பெயரை நம்பி இருந்தால் குழப்பம்தான். ஒரு ஊரில் "முருங்கபீன்ஸ்" என்பது அடுத்த ஊரில் வேறு காய்.

இங்கே ஒரு பழைய சங்கதி. டென்மார்க்கில் ஜோஹான்சன் என்ற தாவரவியலாளர் 1903இல் பீன்ஸை வைத்தே ஒரு விஷயத்தை நிரூபித்தார். ஒரே செடியின் வாரிசாக வந்த சுத்தமான விதைக்குள் பெரியதைப் பொறுக்கிப் போட்டாலும் சிறியதைப் பொறுக்கிப் போட்டாலும் அடுத்த தலைமுறை ஒரே மாதிரிதான் இருந்தது. பல செடி கலந்த விதையில்தான் பொறுக்குவது பலித்தது. நமக்கு இதன் பொருள் என்ன? கடையில் வாங்கிய சுத்தமான ரகத்தை உட்கார்ந்து பெரிய விதை, சின்ன விதை என்று பிரிப்பது ராத்திரித் தூக்கத்துக்குக் கேடு. வீட்டு விதை கலப்பட விதை. நிறத்திலும் உயரத்திலும் பூக்கிற நாளிலும் வித்தியாசம் தெரிகிற விதை. பொறுக்க வேண்டிய இடம் அதுதான். "கலந்து போச்சு" என்று பாட்டிமார் வெட்கப்பட்டுச் சொல்கிற விதைப்பானைதான் நம் கஜானா.

நிலத்தில் வைப்பது

ஒன்றரை சென்ட் போதும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கணக்குப் போடுங்கள். ஒரு ரகத்துக்கு 4 மீட்டர் நீளத்தில் இரண்டு வரிசை. வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ. குத்து வகைக்கு இது சரி, கொடிக்கு இன்னும் விரிக்க வேண்டும். ஒரு துண்டில் ஐம்பது செடி சொச்சம். ஏழு ரகத்துக்கும் சேர்த்து 17 சதுர மீட்டர். அதை மூன்று இடத்தில் வைக்கிறோம், அவ்வளவுதான். சுற்றிலும் போடுகிற வேலிச்செடி இந்தக் கணக்கில் சேராது. ரகத்துக்கு 200 விதை கையில் இருந்தால் போக்குக் கழித்தும் மிஞ்சும்.

மூன்று இடம் ஏன்? நம் நிலம் சாய்ந்த நிலம். மேல்படியில் மண் மெல்லிசு, கீழ்படியில் மழை இறக்கிக் கொண்டுவந்த கொழுத்த மண். பனியோ தலைகீழ்: குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் வழிந்து ஓடையோரப் பள்ளத்தில் தேங்கும். ஜனவரியில் மேட்டில் இலை பச்சையாக இருக்கும்போது பள்ளத்தில் வெந்துபோய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே மேல்படியில் ஏழும், நடுப்படியில் ஏழும், கீழ்படியில் ஏழும் என்று வைக்க வேண்டும். ஒரு ரகத்தை மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் வைத்தால் மண்ணுக்கும் பனிக்கும்தான் போட்டி நடக்கும்.

ஒவ்வொரு படியிலும் எந்த ரகம் எந்தத் துண்டில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். நம் கையால் வைத்தால் நமக்குப் பிடித்த ரகம் தானாகவே நல்ல மண்ணுக்குப் போய்விடும், மனித சுபாவம் அப்படி. சுற்றிலும் இரண்டு வரிசை வேலிச்செடியாகச் சாதாரண பீன்ஸ் போடுங்கள். ஓரத்துச் செடிக்கு வெயிலும் உரமும் அதிகம் கிடைக்கும், அந்தக் காயை எண்ணினால் ஏமாறுவோம்.

உரம், மருந்து, தண்ணீர் எல்லாத் துண்டுக்கும் ஒன்றே. நீங்கள் வழக்கமாக எவ்வளவு போடுவீர்களோ அவ்வளவு. சோதனை என்பதற்காக ராஜ உபசாரம் செய்யாதீர்கள். தரித்திர நிலத்தில் ஓடப்போகிற ரகத்தைத் தரித்திரத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

அடையாளப் பலகையில் ரகப் பெயரை எழுதவே கூடாது. எண் மட்டும். அதையும் மார்க்கர் பேனாவால் எழுதினால் இரண்டு மழையில் காணாமல் போகும். காலி கூல்டிரிங்க்ஸ் டின்னைக் கத்தரித்து, பட்டையாக்கி, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுங்கள். எண் தகரத்தில் பள்ளமாகப் பதிந்துவிடும். ஒரு முனையில் ஓட்டை போட்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் நாலு வருடம் நிற்கும். என்னிடம் அப்படி ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

உங்கள் ஊரில் பத்துப் பதினைந்து பேர் சேரத் தயார் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ஆளுக்கு மூன்றே ரகம், எண் போட்ட மூன்று பொட்டலம். யாருக்கு எந்த மூன்று என்பதை மாற்றி மாற்றிக் கொடுங்கள். கடைசியில் இரண்டே கேள்வி: மூன்றில் எது நல்லது, எது மோசம்? அளவுகோலும் தராசும் தேவையில்லை. நிகரகுவாவில் பீன்ஸுக்கும், எத்தியோப்பியாவிலும் இந்தியாவிலும் கோதுமைக்கும் இப்படிச் செய்து 12,000க்கு மேற்பட்ட உழவர் துண்டுகளின் முடிவை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்வதும் சின்னச் செய்திதான். சேர்ந்தால் எந்த உயரத்தில் எது ஓடும் என்று படம் தெளிந்துவிடும். மேல்மலைப் பூண்டிக்கும் கீழ்மலைப் பண்ணைக்காட்டுக்கும் ஒரே ரகம் ஒத்துவராது என்பதைக் கூட்டம் போட்டு வாதாடுவதைவிட இது சுலபம்.

செடியோடு நடப்பது

முளைத்த எண்ணிக்கை, முதல் பூ வந்த நாள், முதல் பறிப்பு நாள், ஒவ்வொரு பறிப்பின் எடை. இந்த நாலும் நோட்டில் ஏறட்டும். மற்றதைக் கண் பார்க்கும்.

விதைக்கான செடியைக் குறிப்பது முதல் பறிப்புக்கு முன்னால். இதைத்தான் நான் ஐந்தாறு போகம் தவறவிட்டேன். காலையில் பனி உலர்ந்ததும் சிவப்பு நூல்கண்டை எடுத்துக்கொண்டு போங்கள். துண்டில் முதலில் காய் பிடித்த செடிகள், இலையின் அடியில் துரு இல்லாத செடிகள், மொசைக் நோயால் இலை சுருங்காத செடிகள், பக்கத்தில் இடைவெளி இல்லாமல் போட்டியில் நின்றே நன்றாக இருக்கிற செடிகள். இவற்றுக்கு நூல் கட்டுங்கள். பக்கத்துச் செடி செத்துப்போய்த் தனியாக நிற்கிற செடி எப்போதும் கொழுத்துத்தான் இருக்கும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஓரத்துச் செடியும் கூடாது. கலப்பு விதையாக இருந்தால் 200 செடிக்கு 40 வரை கட்டலாம். பத்து நாள் கழித்துத் திரும்பப் போய், நூல் கட்டியதில் நோய் வந்ததை அவிழ்த்துவிடுங்கள். மழை விடாத வருடம் பாதி நூல் அவிழும். நல்லதுதான், அந்த வருடத்து மழை உங்களுக்காக இலவசமாக வேலை செய்திருக்கிறது.

சிவப்பு நூல் கட்டிய செடியைப் பறிக்க ஆள் விடக்கூடாது. கூலிக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நல்ல காய் என்று முதலில் கூடைக்குப் போவது அதுவாகத்தான் இருக்கும்.

சீட்டுக்குப் பதில் புளியங்கொட்டை

காய் முற்றத் தொடங்குகிற வாரத்தில் ஊரைக் கூப்பிடுங்கள். எல்லாத் துண்டின் முனையிலும் வாய் சுருக்கிய ஒரு துணிப்பை. ஆளுக்கு ஐந்து கொட்டை. பெண்களுக்குப் புளியங்கொட்டை, ஆண்களுக்கு மக்காச்சோளம். பிடித்த துண்டின் பையில் போட வேண்டும். ஐந்தையும் ஒன்றிலேயே போட்டாலும் சரி, பிரித்துப் போட்டாலும் சரி. பை மூடியிருப்பது அவசியம். முதலில் ஊர்ப்பெரியவர் எதில் போட்டார் என்று தெரிந்தால் பின்னால் வருகிற எல்லாக் கையும் அங்கேதான் நீளும். அதனால் பெரியவர்களைக் கடைசியாக விடுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இரண்டு கொட்டை ஏன் என்று முதல் கூட்டத்திலேயே புரிந்துவிட்டது. ஆண்களின் மக்காச்சோளம் நீளக்காய் காய்த்த நாலாம் எண்ணில் குவிந்திருந்தது. சந்தையில் எடை நிற்கும் என்ற கணக்கு. புளியங்கொட்டை அதில் மூன்றே மூன்று. ஏன் என்று கேட்டேன். எழுபது வயதுத் தோட்டத்துப் பாட்டி ஒருவர் பதில் சொல்லாமல் அந்தச் செடியில் ஒரு காயைக் கிள்ளி என் காதருகே பிடித்து ஒடித்தார்.

"என்ன கேட்டுச்சு தம்பி?"

"ஒன்னும் கேக்கலையே ஆத்தா."

"அதான். ஒடியலப்பா, வளையுது. இன்னும் ரெண்டு நாள்ல நார் பிடிச்சிரும். அப்புறம் யாரு உக்காந்து உரிக்கிறது, நீயா?"

பக்கத்து இரண்டாம் எண்ணில் ஒரு காயைப் பறித்து ஒடித்தார். டப் என்று கேட்டது. காய் குட்டைதான், ஆனால் இரண்டு நாள் பறிப்புத் தள்ளிப்போனாலும் நார் விடாது. வண்டி வராத நாள் அதிகம் உள்ள ஊருக்கு அது எவ்வளவு பெரிய காசு என்று பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் நோட்டில் "ஒடிசத்தம்" என்று ஒரு கட்டம் அன்றைக்குத்தான் சேர்ந்தது.

ஆகவே கொட்டையை எண்ணி முடித்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். எண்ணியதும் துண்டுக்குத் துண்டு எல்லோரையும் நிற்கவைத்து, ஏன் போட்டீர்கள், ஏன் போடவில்லை என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற சொல்லிலேயே எழுதுங்கள். எண்ணிக்கையைவிட அந்தக் காரணங்கள்தான் அடுத்த வருடம் உதவும்.

அடுப்பிலும் கமிஷன் கடையிலும்

ஏழு பாத்திரம், ஒரே அளவு காய், ஒரே அளவு தண்ணீர், உப்பு மட்டும். எண் போட்டு வேகவையுங்கள். எத்தனை நிமிடம், நிறம் மாறியதா, சாப்பிட்டவர்கள் முகம் எப்படி. காய்ந்த விதையையும் ஒருநாள் குழம்புக்கு வையுங்கள். மேல்மலையில் வெந்து குழைகிற நேரம் கீழே இருப்பதைவிட அதிகம். உயரம் கூடக்கூடத் தண்ணீர் கொதிக்கிற சூடு குறையும் என்பதால், சீக்கிரம் வேகிற விதை விறகுக்கும் கேஸுக்கும் லாபம்.

கமிஷன் கடைக்கு எண்வாரியாக ஒவ்வொரு கிலோ எடுத்துப்போய்க் காட்டுங்கள். விலை கேட்கவேண்டாம், "எதை முதலில் எடுப்பீங்க" என்று கேளுங்கள். நிறம், வளைவு, ஒரே நீளம், மறுநாள் வாடல். மண்டிக்காரர் பார்க்கிறது இவ்வளவுதான். அவர் தீர்ப்பை அப்படியே ஏற்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தெரியாமல் இருப்பது ஆபத்து.

இரண்டாம் போகம்: செடிக்கு ஒரு வரிசை

முதல் போகத்தில் இரண்டு அல்லது மூன்று ரகம் தேறும். அதில் நூல் கட்டிய செடிகளைக் காய் மஞ்சளாகிக் கடகடவென்று ஆட்டம் காணும்வரை விட்டு, செடி செடியாகத் தனித்தனிக் காகிதப் பையில் அறுவடை செய்யுங்கள். புள்ளி விழுந்த காய் முழுதாகவே கழிக்கப்பட வேண்டும், உள்ளே விதை நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும்.

அடுத்த போகம் ஒரு பை, ஒரு வரிசை. நாற்பது பை என்றால் நாற்பது வரிசை. தாய்ச்செடி நன்றாக இருந்தது குணத்தாலா, இல்லை அந்த இடத்தில் எரு விழுந்ததாலா என்பது இப்போதுதான் வெளிப்படும். குணம் என்றால் வரிசை முழுக்க நன்றாக இருக்கும். எரு என்றால் வரிசை சாதாரணமாக நிற்கும். பாதி வரிசைகளை இரக்கமில்லாமல் கழியுங்கள். மிச்சத்தில் ஒரேமாதிரி இருக்கும் எட்டுப் பத்து வரிசைகளைச் சேர்த்து ஒரே விதையாக ஆக்கிக்கொள்ளலாம். ஒற்றை வரிசையிலிருந்து ரகம் எடுப்பதை நான் விரும்புவதில்லை. நம் மலையில் ஒரு வருடம் போல இன்னொரு வருடம் இருப்பதில்லை. கொஞ்சம் கலவை இருந்தால் ஏதாவது ஒன்று பிழைத்துக்கொள்ளும்.

ஒட்டுச் சேர்க்கும் ஆசை சிலருக்கு வரும். மொட்டைத் திறந்து, விரியாத மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்து, வேறு செடியின் மகரந்தத்தை வைக்க வேண்டும். பீன்ஸ் மொட்டு சின்னது, பத்துக்கு ஒன்று பிடித்தால் அதிர்ஷ்டம். அதில் செலவழிக்கிற நேரத்தில் ஆராய்ச்சி நிலையத்திடம் அவர்கள் ஒட்டிவைத்த மூன்றாம், நான்காம் தலைமுறை விதை கேட்டுப் பாருங்கள். தன்மகரந்தப் பயிரில் ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்பு பாதியாகக் குறையும்: இரண்டாம் தலைமுறையில் 50 சதம், மூன்றாவதில் 25, நான்காவதில் 12.5. பிரிந்துகொண்டிருக்கும், ஆனால் பிடிக்குள் இருக்கும். உழவர் கண்ணுக்கு ஏற்ற நேரம் அது. கொடைக்கானலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தனியாளாகப் போவதைவிடக் குழுவாக, நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். நோட்டு இருந்தால் பேச்சு வேறுமாதிரி தொடங்கும்.

உலர்த்துவதும் ஒளித்துவைப்பதும்

மேல்மலையில் விதை கெடுவது பெரும்பாலும் ஈரத்தால். மூடுபனி நாளில் வெயிலில் வைத்ததை மறந்தால் மாலைக்குள் பழைய ஈரத்தைக் குடித்துவிடும். நிழலில், காற்றோட்டமாகப் பரப்பி, மூன்று மணிக்கே உள்ளே எடுங்கள். போதுமான அளவு காய்ந்ததா என்று பார்க்க, ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கால்பங்கு காய்ந்த உப்பு, மேலே விதை போட்டு மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் ஈரம். ஒட்டாவிட்டாலும் நான் இரண்டு நாள் கூடுதலாகக் காயவைப்பேன். விதையின் ஈரம் ஒரு சதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்று விதைக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

பிறகு தண்ணீர் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, அடியில் வறுத்த அரிசி ஒரு பொட்டலம் போட்டு மூடி இறுக்குங்கள். காற்று குறைவாக இருந்தால் வண்டு மூச்சு முட்டிச் செத்துவிடும். பாட்டில் அரைகுறையாக இருந்தால் வண்டுக்கு வீடு கட்டிக்கொடுத்த மாதிரி.

ஒரு விதையும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. மூன்றாம் போகத்தில் எங்கள் தேர்வு விதை முழுதும் ஒரே துண்டில் நின்றது. காட்டுமாடு ஐந்து ஒரு ராத்திரி வந்து போனது. காலையில் போய்ப் பார்த்தபோது தகர எண்கள் மட்டும் சேற்றில் கிடந்தன. பாட்டி வேலியோரம் கூப்பிட்டு, முந்தாணை முடிச்சை அவிழ்த்து ஒரு கைப்பிடி இரண்டாம் எண் விதையைக் காட்டினார். கேட்காமலே முதல் போகத்தில் எடுத்து வைத்திருந்தாராம். அதைக் கொண்டுதான் மறுபடி தொடங்கினோம். அன்றிலிருந்து தேறிய விதை மூன்று வீட்டுக்குப் பிரியும். மூன்றில் ஒன்று கட்டாயம் வேறு ஊர்.

பெயரும் உரிமையும்

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001இல் வந்தது. அதன் 39ஆம் பிரிவுப்படி விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க உழவருக்கு உரிமை உண்டு. பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தாலும் சரி, முத்திரை போட்டுப் பிராண்டு விதையாக விற்காதவரை தடையில்லை. குஜராத்தில் சிப்ஸ் உருளைக்கிழங்கு ரகத்துக்காக உழவர்கள்மேல் போட்ட வழக்கு 2019இல் திரும்பப் பெறப்பட்ட சமயத்தில் இந்தப் பிரிவுதான் ஊரெங்கும் பேசப்பட்டது.

நாமே தேர்ந்தெடுத்த ரகத்தை உழவர் ரகமாகப் பதிவு செய்யலாம், பதிவுக் கட்டணம் கிடையாது. அவசரப்பட வேண்டாம். மூன்று போகத்து நோட்டு இருந்தால்தான் மற்ற ரகத்திலிருந்து இது எப்படி வேறு, வருடா வருடம் மாறாமல் வருகிறதா என்ற கேள்விக்குப் பதில் இருக்கும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. விதை கொடுத்த வீடு, கொட்டை போட்டவர்கள், வரிசை பார்த்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து யார் பெயரில் பதிவு, விதை விற்றால் பணம் யாருக்கு, வெளியூர்க்காரர் கேட்டால் கொடுப்பதா என்று பேசி, ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிடுங்கள். நாங்கள் எழுதிய பக்கத்தில் இன்னும் முடிவாகாமல் இருப்பது பெயர் மட்டும்தான். இளவட்டங்கள் ஊர்ப்பெயர் வேண்டும் என்கிறார்கள். பாட்டி, "ரெண்டாம் நம்பர்னே இருக்கட்டும், அதத்தான் எல்லாருக்கும் தெரியும்" என்கிறார்.